சிறுவயதில் புற்றுநோய், பிறகு ஹெபடைடிஸ் சி: ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று நம் கடற்கரை ஊர்களிலிருந்து சின்ன வயதில் புற்றுநோய் சிகிச்சைக்காகச் சென்னைக்கும் மதுரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளைகள் இன்று பெரியவர்களாகிவிட்டார்கள். கடலுக்குப் போகிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள், துபாயில் வேலை பார்க்கிறார்கள், பிள்ளை பெற்றிருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு அன்று ஏற்றிய ரத்தத்தோடு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமியும் உடம்புக்குள் போயிருக்கலாம். ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்தவன் என்பதால் இதைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தை முடிவு செய்ய வேண்டியது உங்கள் மருத்துவர். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இந்தப் பக்கம் உதவும்.

புற்றுநோய்க்கும் ஹெபடைடிஸ் சி-க்கும் என்ன சம்பந்தம்?

ரத்தம் ஏற்றியதுதான் சம்பந்தம். ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைக்குக் கீமோ மருந்து கொடுக்கும்போது எலும்பு மஜ்ஜை ஓய்ந்துபோகும். சிவப்பணு குறையும், பிளேட்லெட் குறையும். ரத்தமும் பிளேட்லெட்டும் ஏற்றித்தான் பிள்ளையை அந்த நாட்களைத் தாண்ட வைக்க வேண்டும். சிகிச்சை இரண்டு மூன்று வருடம் நீளும். அதற்குள் எத்தனையோ பேர் கொடுத்த ரத்தம் அந்தச் சின்ன உடம்புக்குள் போய்விடுகிறது. அதில் ஒருவருக்குக் கிருமி இருந்தாலும் போதும்.

இந்தக் கிருமியை 1989-ல்தான் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் உலகத்தில் எந்த ரத்த வங்கியாலும் அதைப் பரிசோதித்திருக்க முடியாது. கண்டுபிடிப்புக்கு வழி செய்த ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹாட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நான் எந்த வருடம் சிகிச்சை எடுத்தேன் என்பது முக்கியமா?

முக்கியம். இந்தியாவில் ஒவ்வொரு ரத்தப் பையையும் ஹெபடைடிஸ் சி-க்குப் பரிசோதிப்பது 2001-02 வாக்கில்தான் கட்டாயமானது. அமெரிக்காவில் 1990-ல் பரிசோதனை வந்து, 1992-ல் அதைவிட நல்ல பரிசோதனை வந்துவிட்டது. அதனால் அங்கே சிறுவயதுப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கான வழிகாட்டுதல்கள் 1993-க்கு முன் சிகிச்சை எடுத்தவர்களைப் பரிசோதிக்கச் சொல்கின்றன. இணையத்தில் அதைப் படித்துவிட்டு, "எனக்கு 1998-லதான் கீமோ நடந்தது, நான் தப்பிச்சேன்" என்று நினைத்துவிடக் கூடாது. நம் நாட்டுக் கணக்கு வேறு. 2002-க்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்ட எல்லோரும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

என் மகளுக்கு 2009-ல் சிகிச்சை நடந்தது. அப்படியென்றால் கவலை இல்லையா?

ஆபத்து வெகுவாகக் குறைவு. ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ரத்த வங்கியில் பொதுவாகச் செய்யும் எலிசா பரிசோதனை, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத்தான் தேடுகிறது. கிருமி நுழைந்து எட்டு முதல் பதினொரு வாரம் கழித்துத்தான் அது ரத்தத்தில் தெரியும். அந்த இடைவெளியில் ஒருவர் ரத்தம் கொடுத்தால் எலிசா அவரைச் சுத்தம் என்றுதான் சொல்லும். கிருமியின் மரபணுவையே தேடும் 'நாட்' பரிசோதனை இந்த இடைவெளியை மிகவும் சுருக்கிவிடும், ஆனால் எல்லா ரத்த வங்கிகளிலும் அது கிடையாது. அப்புறம், புற்றுநோய் வார்டுகளில் ஒரே மருந்துக் குப்பியைப் பலருக்குப் பயன்படுத்தியதால் பிள்ளைகளுக்குள் இந்தக் கிருமி பரவிய சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஒரே ஒரு ரத்தப் பரிசோதனைதானே, செய்துவிடுங்கள்.

பழைய டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் தொலைந்துவிட்டது. ரத்தம் ஏற்றினார்களா என்றே தெரியாது.

காகிதம் தேவையில்லை. ரத்தப் புற்றுநோய் என்றால் ரத்தம் ஏற்றியிருப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய அறுவை சிகிச்சை, கடுமையான கீமோ நடந்திருந்தாலும் அப்படித்தான்.

எனக்கு மஞ்சள் காமாலை வந்ததே இல்லை. நன்றாகத்தான் இருக்கிறேன்.

பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் இருக்கும். ஹெபடைடிஸ் சி நுழையும்போது கண் மஞ்சளாவது அபூர்வம். புற்றுநோய் சிகிச்சையின் நடுவில் வந்த அசதியும் பசியின்மையும் கீமோவால் வந்தது என்றே அன்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கல்லீரல் என்சைம் கூடியிருந்தால் அதையும் மருந்தின் மேல் போட்டிருப்பார்கள். அதற்குப் பிறகு இருபது, முப்பது வருடம் ஒரு அறிகுறியும் இல்லாமல் போகலாம். அறிகுறி வரட்டும் என்று காத்திருப்பதுதான் இந்த நோயில் நாம் செய்யக்கூடிய ஆகப் பெரிய தவறு.

இத்தனை வருடத்தில் என் கல்லீரலுக்கு என்ன ஆகியிருக்கும்?

கிருமி நுழைந்த நூறு பேரில் பதினைந்து முதல் நாற்பத்தைந்து பேர் வரை மருந்தே இல்லாமல் அதை விரட்டிவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு அது கல்லீரலிலேயே தங்கிவிடுகிறது. தங்கிய கிருமி கல்லீரலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புண்ணாக்குகிறது. புண் ஆறும் இடத்தில் தழும்பு விழுகிறது. வருடக்கணக்கில் தழும்பு சேர்ந்து கல்லீரல் இறுகிச் சுருங்கினால் அதைச் சிரோசிஸ் என்கிறோம். நாள்பட்ட தொற்று உள்ள நூறு பேரில் பதினைந்து முதல் முப்பது பேருக்கு இருபது வருடத்துக்குள் சிரோசிஸ் வரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

பிள்ளைப் பருவத்தில் தொற்றினால் ஆரம்ப வருடங்களில் நோய் மெதுவாகத்தான் நகரும். அதை நம்பி நிம்மதியாக இருந்துவிட முடியாது. சிறுவயதில் தொற்றியவர்களைப் பற்றி பிரிட்டனில் நடந்த ஆய்வில், சிரோசிஸ் வந்தவர்களுக்குத் தொற்றி சுமார் முப்பது வருடம் கழித்து அது வந்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1995-ல் ஆறு வயதில் ரத்தம் ஏற்றிக்கொண்ட பையனுக்கு 2025-ல் முப்பத்தாறு வயது. கைக்குழந்தை வைத்திருக்கும் வயது, படகுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் வயது. அந்த வயதில் சிரோசிஸ் வந்து நிற்கலாம்.

சிரோசிஸ் முற்றினால் வயிற்றில் நீர் கோக்கும், கால் வீங்கும், ரத்த வாந்தி வரும், மலம் தார் மாதிரிக் கறுத்துப் போகும், புத்தி தடுமாறும். அதோடு கல்லீரல் புற்றுநோயும் வரலாம். சிரோசிஸ் உள்ள நூறு பேரில் வருடத்துக்கு ஒன்று முதல் ஐந்து பேருக்கு அது வருகிறது. சின்ன வயதில் ஒரு புற்றுநோயை வென்றவருக்கு நடு வயதில் இன்னொன்று வர நாம் விடக் கூடாது. நம்மால் தடுக்க முடிகிற புற்றுநோய் இது.

மற்றவர்களைவிட எங்களுக்கு ஏன் கூடுதல் கவலை?

உங்கள் கல்லீரல் ஏற்கெனவே அடி வாங்கியது. மெத்தோட்ரெக்ஸேட், மெர்காப்டோபியூரின் இரண்டும் ரத்தப் புற்றுநோய்க்கு மாதக்கணக்கில் கொடுக்கும் மருந்துகள். இரண்டுமே கல்லீரலைப் படுத்துபவை. சிறுநீரகக் கட்டிக்கோ நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைகளின் நரம்புக் கட்டிக்கோ வயிற்றில் கதிர்வீச்சு கொடுத்திருந்தால் அதன் தழும்பும் சேரும்.

அதிகம் பேசப்படாத ஒன்று இரும்புச்சத்து. ஒரு பை சிவப்பணுவில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதை வெளியேற்ற நம் உடம்பில் வழி கிடையாது. இருபது பை ஏற்றிய பிள்ளையின் கல்லீரலிலும் இதயத்திலும் அந்த இரும்பு படிந்துகொள்ளும். இரும்பும் கிருமியும் சேர்ந்தால் தழும்பு வேகமாக விழும். அதனால் உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். சும்மா "ரத்தம் ஊற" என்று இரும்பு டானிக் வாங்கிக் குடிக்காதீர்கள்.

ஹெபடைடிஸ் பி-யும் ரத்தம் வழியே வந்திருக்கலாம். கீமோவால் சிறுவயதுத் தடுப்பூசிகளின் பலன் அழிந்துபோயிருக்கவும் வாய்ப்பு உண்டு. எனவே பி-க்கும் பரிசோதனை செய்து, பாதுகாப்பு இல்லையென்றால் தடுப்பூசியை மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். சி-க்கு இன்றுவரை தடுப்பூசி கிடையாது.

கல்லீரல் தவிர வேறு எதைக் கெடுக்கும்?

சர்க்கரை நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும். சிறுநீரக வடிகட்டிகளைத் தாக்கலாம், காலில் சிவப்புப் புள்ளிகளோடு ரத்தக்குழாய் அழற்சி வரலாம், ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டு. விடாத அசதி, கவனம் நிற்காமை என்று சொல்பவர்களும் நிறைய. தலைக்குக் கதிர்வீச்சு எடுத்தவருக்கு இதே தொல்லை அதனாலும் வரலாம். அதனால்தான் "இது பழைய சிகிச்சையோட பாதிப்பு, இப்படித்தான் இருக்கும்" என்று பல வருடம் விட்டுவிடுகிறார்கள். ரத்தத்தைப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வரக் கூடாது.

என்ன பரிசோதனை? எங்கே?

முதலில் எதிர்ப்புப் பொருள் பரிசோதனை. அது பாசிட்டிவ் என்றால் கிருமி ஒருகாலத்தில் நுழைந்தது என்று மட்டும்தான் அர்த்தம். இப்போது இருக்கிறதா என்பதை, கிருமியின் மரபணுவைத் தேடும் ஆர்.என்.ஏ பரிசோதனை சொல்லும். இன்னமும் கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது, அல்லது எலும்பு மஜ்ஜை மாற்று செய்திருக்கிறது என்றால் எதிர்ப்புப் பொருளே உண்டாகாமல் இருக்கலாம். அவர்கள் நேரடியாக ஆர்.என்.ஏ கேட்க வேண்டும்.

கிருமி இருந்தால் அடுத்தது தழும்பு எவ்வளவு என்பது. வயது, இரண்டு கல்லீரல் என்சைம், பிளேட்லெட் இந்த நான்கையும் வைத்தே ஒரு கணக்குப் போட்டுவிடுவார்கள். தேவைப்பட்டால் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுப்பார்கள், அதில் வலி கிடையாது. கீமோவால் உங்களுக்குப் பிளேட்லெட் எப்போதுமே குறைவு என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் கணக்கு தப்பும்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் கேளுங்கள். தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28-ல் தொடங்கியது. அதன் கீழ் பரிசோதனையும் மருந்தும் இலவசம். உங்களுக்கு எந்த மருத்துவமனை என்பதை அங்கேயே விசாரியுங்கள், அல்லது 104-ல் அழைத்துக் கேளுங்கள்.

மருந்து உண்டா? ஊசியா?

மாத்திரைதான். முன்பு இன்டர்ஃபெரான் ஊசி இருந்தது. மாதக்கணக்கில் காய்ச்சல், சோர்வு, மனச்சோர்வு, அதற்குப் பிறகும் பலன் நிச்சயமில்லை. கீமோவைப் பார்த்து வந்த குடும்பங்கள் அதைக் கேட்டதுமே வேண்டாம் என்று ஓடியதை நான் புரிந்துகொள்கிறேன். அந்த ஊசியின் பயத்திலேயே இன்றும் மருத்துவமனைப் பக்கம் வராதவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்: இப்போது சோஃபோஸ்புவிர், டக்ளாட்டாஸ்விர் என்று தினமும் ஒருவேளை மாத்திரை, பன்னிரண்டு வாரம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் கிருமி முழுசாகப் போய்விடுகிறது. சிரோசிஸ் இருந்தால் டக்ளாட்டாஸ்விருக்குப் பதில் வெல்பட்டாஸ்விர் கொடுப்பார்கள். தழும்பு அதிகமா குறைவா என்று பார்க்காமல், கிருமி இருக்கிற எல்லோருக்குமே மருந்து உண்டு. மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இந்த வகை மருந்தைக் கொடுக்கலாம் என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

நான் ஏற்கெனவே வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறேன்.

எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தால் இதயம் பாதித்து, துடிப்பைச் சீராக்க அமியோடரோன் சாப்பிடுபவருக்கு சோஃபோஸ்புவிர் சேர்ந்தால் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். மூளைக் கட்டிக்குப் பிறகு வலிப்புக்குச் சாப்பிடும் ஃபெனிட்டோயின், கார்பமாசெபைன் இரண்டும் இந்த மருந்துகளின் வேகத்தைக் குறைத்துவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் அப்படித்தான். வெல்பட்டாஸ்விர் எடுப்பவர்கள் அல்சர் மாத்திரையைச் சொல்லாமல் சாப்பிடக் கூடாது. ஹெபடைடிஸ் பி-யும் இருந்தால், சி போனதும் பி தலைதூக்கலாம். அதனால் முன்கூட்டியே பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள்.

நான் விசைப்படகில் போகிறவன். தினமும் எப்படி?

பன்னிரண்டு வாரம் என்றால் 84 நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடைக்காலம் தொடங்கும்போது மாத்திரையையும் தொடங்கினால் பெரும்பகுதி கரையிலேயே முடிந்துவிடும். ஆனால் தழும்பு அதிகம் என்று சொல்லிவிட்டால் தடைக்காலத்துக்காகக் காத்திருக்காதீர்கள். கடலுக்குப் போகும்போது தண்ணீர் புகாத டப்பாவில், போகிற நாட்களைவிடக் கூடுதலாகவே மாத்திரை வைத்துக்கொள்ளுங்கள். எல்லைப் பக்கம் போய்ப் பிடிபட்டுவிட்டால் என்ன செய்வது என்றும் நம் ஊரில் யோசிக்க வேண்டியிருக்கிறது. மருந்துச் சீட்டின் நகல் ஒன்று படகிலும் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.

கீழாநெல்லி குடித்தால் போதாதா?

போதாது. கீழாநெல்லி இந்தக் கிருமியை அழிப்பதில்லை. காமாலைக்கு நாட்டு மருந்து கொடுத்து, தானாகச் சரியாகிற நோய் சரியானதைப் பார்த்துப் பழகிவிட்டோம். ஹெபடைடிஸ் சி வருடக்கணக்கில் தங்கும் நோய். சில மூலிகைகள் கல்லீரலையே கெடுக்கும். சீந்தில் கஷாயம் குடித்துக் கல்லீரல் பாதித்தவர்களைக் கொரோனா காலத்தில் இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பாராசிட்டமாலையும் மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் போடாதீர்கள்.

கடல் தண்ணீரில் வேலை செய்யலாமா?

கல்லீரல் நன்றாக இருக்கிறதென்றால் தாராளமாக. சிரோசிஸ் உள்ளவர்களும் இரும்பு படிந்தவர்களும் மட்டும் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். சூடான கடல் நீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது. ஆரோக்கியமானவருக்கு அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. கல்லீரல் கெட்டவருக்கும் ரத்தத்தில் இரும்பு கூடியவருக்கும் ஓரிரு நாளில் உயிரையே எடுத்துவிடும். கெளுத்தி முள் குத்தினாலும், நண்டு கடித்தாலும், பாறை கீறினாலும் அந்த வழியாக உள்ளே போகும். பாசி எடுக்கத் தீவுப் பக்கம் முங்கும் நம் பெண்களுக்கு விரலில் காயம் இல்லாத நாளே கிடையாது. அவர்களில் கல்லீரல் நோய் உள்ளவர்கள் கையுறையும் காலணியும் இல்லாமல் இறங்க வேண்டாம். ஆறாத புண் இருந்தால் அன்று இறங்கவே வேண்டாம்.

காயம் பட்டதும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சிவப்பு மளமளவென்று பரவினாலோ, கறுப்பாகக் கொப்புளம் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். மருத்துவமனையில் "எனக்குக் கல்லீரல் நோய் இருக்கு, கடல் தண்ணியில பட்ட காயம்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிப்பி, மட்டி, நண்டு எல்லாவற்றையும் முழுசாக வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

கருவாடு? மது?

வயிற்றில் நீர் கோத்தவர்கள் கருவாட்டையும் ஊறுகாயையும் நிறுத்தியே ஆக வேண்டும், உப்பு நீரைப் பிடித்து வைக்கும். மற்றவர்கள் அளவாகச் சாப்பிடலாம். மீன் நல்லது. மது ஒரு சொட்டும் வேண்டாம்.

வளைகுடா வேலைக்கான மெடிக்கலில் பாசிட்டிவ் என்று திருப்பிவிட்டார்கள். முன்பு புற்றுநோய் இருந்தது. என்ன செய்வது?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பையன்கள் பலருக்கு இந்த விஷயம் இப்படித்தான் முதன்முதலில் தெரியவருகிறது. அந்த மெடிக்கலில் எச்.ஐ.வி, ஹெபடைடிஸ் பி, சி மூன்றையும் பார்ப்பார்கள். விசா போன வருத்தத்தில் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடுத்த வாரமே ஆர்.என்.ஏ எடுங்கள். ஒரு உண்மையையும் முன்பே சொல்லிவிடுகிறேன்: முழுசாகக் குணமானாலும் எதிர்ப்புப் பொருள் பரிசோதனை பொதுவாக ஆயுசுக்கும் பாசிட்டிவாகவே காட்டும். குணமானதற்கான ஆர்.என்.ஏ நெகட்டிவ் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதை ஏற்பதும் மறுப்பதும் அந்த நாட்டின் கையில். அவர்கள் மறுத்தாலும் உங்கள் கல்லீரல் பிழைத்திருக்கும்.

வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுமா? கல்யாணம் செய்யலாமா?

ஒரே தட்டில் சாப்பிட்டால், கட்டிப்பிடித்தால், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தினால் தொற்றாது. தனித் தட்டு, தனி டம்ளர் வைப்பது அந்தப் பிள்ளையை நோகடிக்கும் வேலை, அதை இன்றே நிறுத்துங்கள். ரத்தம் படும் சாமான்களை மட்டும் பகிரக் கூடாது: சவரக் கத்தி, பல் தேய்க்கும் பிரஷ், நகவெட்டி. அலகு குத்துவதற்கும் காது குத்துவதற்கும் பச்சை குத்துவதற்கும் புது ஊசியா என்று பாருங்கள்.

கணவன் மனைவிக்குள் தொற்றுவது மிக அரிது. கிருமி உள்ள தாயிடமிருந்து நூறு பிள்ளைகளில் ஐந்தாறு பேருக்குத் தொற்றலாம். அதனால் பெண்கள் கர்ப்பத்துக்கு முன்பே மாத்திரையை முடித்துவிடுவது நல்லது. தாய்ப்பால் கொடுக்கலாம், காம்பு வெடித்து ரத்தம் வந்தால் மட்டும் ஆறும்வரை நிறுத்த வேண்டும். பெண் பார்க்கும் இடத்தில் சொல்வதா வேண்டாமா என்று கேட்கிறார்கள். முதலில் குணமாக்குங்கள், பிறகு சொல்லுங்கள் என்பதுதான் என் கருத்து. மூன்று மாத மாத்திரையில் தீர்கிற ஒன்றை மறைத்து வைத்து ஒரு குடும்பத்தைத் தொடங்க வேண்டாமே.

நாங்கள் சம்மதித்துத்தானே அந்த ரத்தத்தை ஏற்றினார்கள்?

இதைக் கேட்ட அம்மாக்களின் முகம் எனக்கு மறக்காது. அம்மா, அன்றைக்கு அந்த ரத்தம் ஏற்றாவிட்டால் உங்கள் பிள்ளை இன்று இல்லை. ரத்தம் கொடுத்தவருக்கும் தனக்குள் கிருமி இருந்தது தெரியாது, ஏற்றிய நர்ஸுக்கும் தெரியாது. இது ஊசி போட்டுப் போதை ஏற்றுபவர்களுக்கு வரும் நோய் என்று யாராவது பேசினால், உங்கள் பிள்ளைக்கு எப்படி வந்தது என்பதை நிமிர்ந்து நின்று சொல்லுங்கள்.

குணமான பிறகு?

மாத்திரை முடிந்து பன்னிரண்டு வாரம் கழித்து ஆர்.என்.ஏ எடுக்க வேண்டும். அதில் கிருமி இல்லையென்றால் குணம். தழும்பு குறைவாக இருந்தவர்களுக்குக் கல்லீரல் விஷயத்தில் அதோடு முடிந்தது. சிரோசிஸ் வரை போனவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுப்பதை விடவே கூடாது. கிருமி போனாலும் கல்லீரல் புற்றுநோயின் ஆபத்து குறையுமே தவிர முழுசாகப் போகாது. ஆரம்பத்தில் பிடித்தால் சிகிச்சை இருக்கிறது. மறுபடி தொற்றவும் முடியும் என்பதால் ஊசி விஷயத்தில் கவனம் தேவை.

குணமானபின் நான் ரத்த தானம் செய்யலாமா? எனக்கு யாரோ கொடுத்த கடன் இருக்கிறதே.

நீங்கள் கொடுக்க முடியாது. ஹெபடைடிஸ் சி வந்தவர்களிடமும் புற்றுநோய் வந்தவர்களிடமும் ரத்த வங்கிகள் ரத்தம் எடுப்பதில்லை. உங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, நண்பர்கள் கொடுக்கலாம். முகாமுக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.